மறுபத்தியம்

ஆஸ்பத்திரியில் என் முதல் வேலை முட்டை உடைப்பது. சமையல்கட்டில் இருந்தேன் என்று நினைப்பீர்கள். என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள், நானும் திருத்தப் போகவில்லை. நான் இருந்தது ஆய்வுக்கூடத்தில். அந்த முட்டைகளை எந்த மனிதரும் தின்னப் போவதில்லை, காசநோய்க் கிருமிதான் தின்று வளர வேண்டும். வளர்ந்தால்தான் அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று எங்களால் சொல்ல முடியும்.

வடசேரிச் சந்தையிலிருந்து வரும் நாட்டுக்கோழி முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடிக் குடுவைக்குள் உடைத்து ஊற்றிக் கலக்குவேன். மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு பச்சைச் சாயம் சேர்த்து, சின்னச் சீசாக்களில் ஊற்றிச் சாய்த்து வைத்து வேகவிடுவேன். ஆறியதும் ஒவ்வொரு சீசாவிலும் பச்சையாக ஒரு சரிவு உறைந்திருக்கும். சில சீசாக்களில் மட்டும் வேகுவதற்கு முன்பே ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கலந்திருப்பேன். நோயாளியின் சளியைச் சுத்தம் செய்து இரண்டு வகையிலும் தடவி வைப்போம். மருந்தில்லாத சீசாவில் கிருமி முளைத்து, மருந்து கலந்ததில் முளைக்காவிட்டால் நல்ல செய்தி. இரண்டிலும் முளைத்தால் அந்த நோயாளியிடம் மருந்து தோற்றுவிட்டது என்று பொருள்.

மற்றக் கிருமிகள் மறுநாளே முளைத்துவிடும். காசநோய்க் கிருமிக்கு அந்த அவசரம் கிடையாது. கண்ணுக்குத் தெரிய ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கால் சூடாகும் ஒரு பெட்டிக்குள் அதை வைத்து, உடம்புச் சூடு குறையாமலும் கூடாமலும் திரியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்வேன். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் காசநோய் ஆஸ்பத்திரி ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்தது. பெண்கள் வார்டைத் தாண்டித்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். முட்டைக்கூடை போவதைப் பார்த்து அங்கே வயிறெரியாதவர்கள் இல்லை.

"நமக்கு அரை முட்ட, கிருமிக்கு முழு முட்ட. பேசாம நாமளும் கிருமியாப் பெறந்திருக்கலாம், கேட்டியளா?" என்று ஒருத்தி ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்வாள். வார்டே சிரிக்கும். சிரித்த பலருக்கு இருமல் வந்துவிடும். நர்ஸ் வந்து சத்தம் போடுவாள்.

அப்படிச் சொன்னவள் என் கூடப்பிறந்த அக்கா.

அக்காவைக் கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிளார்க் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தான் சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவர்களுக்கு ஒரே பெண், அப்போது நாலு வயது. அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். சளியில் கிருமி இல்லாமல் தொடர்ந்து பல மாதம் இருந்தால் வீட்டுக்குப் போகலாம், பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது ஒன்றுதான் கணக்கு. நுரையீரலில் ஓட்டை எவ்வளவு பெரிது, எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்றெல்லாம் அவள் கேட்டதில்லை. என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏட்டி, என் சளியில ஒண்ணும் இல்லல்லா?"

இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டும் இருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் அந்த நாட்களில் ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டு அலைந்தார். காசநோய் வந்தால் சவப்பெட்டிக்கு மரம் பார்க்க வேண்டும் என்றிருந்த ஊரில், அந்த ஊசி வந்த பிறகு சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதே ஊசி சிலரிடம் மட்டும் ஏன் தண்ணீராய்ப் போகிறது? கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்பது வெளியூர்களிலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டு எங்களிடம் வந்தவர்களில் இத்தனை பேருக்கா? கம்பவுண்டர்கள் மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள், வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டார்கள், கடையில் விற்பதே போலி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் போலி என்றுதான் நினைத்தேன். யாரையாவது திருடன் என்று சொல்லிவிட்டால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும்.

டாக்டர் அப்படி விடவில்லை. அக்காவுக்கு ஊசி வாங்கிய கடையிலிருந்தே குப்பிகளை வரவழைத்து, அந்த மருந்தைக் கலந்து முட்டைச் சீசா செய்யச் சொன்னார். இதுவரை மருந்தே காணாத ஒரு புது நோயாளியின் கிருமியை அதில் தடவி வைத்தோம். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தபோது சீசா பச்சைப் பசேல் என்று துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மருந்து சுத்தமான மருந்து. கடைக்காரர் யோக்கியர். கம்பவுண்டரும் யோக்கியர்.

அதன் பிறகுதான் டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். வீட்டில் ஊசி எப்படிப் போட்டீர்கள், ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்பார். அக்காவின் கட்டிலுக்கு வந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். அவளுக்கு ஊசி போட்ட காலத்தில் நான் இந்த வேலைக்குப் படிக்க வெளியூர் போயிருந்தேன். விவரம் எனக்கும் தெரியாது.

"ஊசிய ஒழுங்காப் போட்டியா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு நாளும் தப்பல்ல சார்." அக்காவின் குரலில் பெருமை இருந்தது. "காலத்த வெறும் வயித்துல. கம்பவுண்டர் சைக்கிள்ல வந்துருவாரு. மீனு கிடையாது, புளி கிடையாது, நல்லெண்ண கிடையாது. உப்பக்கூட வறுத்துத்தான் போட்டாவ. மாமனாரு பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாவ."

"எத்தன நாளு போட்ட?"

"ஒரு மண்டலம் தெகச்சு. ஒரு நாளு கொறயல்ல."

"பெறவு?"

"பெறவு ஒரு மண்டலம் மறுபத்தியம். அப்பம் மருந்து கிடையாதுல்லா." அக்கா என்னைப் பார்த்தாள். இதுகூடவா டாக்டருக்குத் தெரியாது என்று அந்தப் பார்வை கேட்டது.

டாக்டர் பேனாவை மூடினார். "அதுக்குப் பெறவு?"

"திரும்ப ஒரு மண்டலம் ஊசி. திரும்ப மறுபத்தியம். அப்படியே கொண்டு போனோம். மொதல் மண்டலத்துலயே எனக்கு நல்ல சுகம் சார். காய்ச்சல் போச்சு, சாப்பாடு எறங்குச்சு. பாத்தவங்க எல்லாரும் சொன்னாவ."

எங்கள் பக்கத்தில் கஷாயமானாலும் லேகியமானாலும் ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும். அதன் பிறகு அதே அளவு நாள் மருந்தில்லாமல், பத்தியம் மட்டும் காத்து, மருந்தை உடம்பில் ஊற விட வேண்டும். அதுதான் மறுபத்தியம். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மதம். மறுபத்தியம் காக்காதவனுக்கு மருந்து பலிக்காது என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கே சின்ன வயதில் வயிற்று நோவுக்குக் குடித்த கஷாயத்தின் மறுபத்தியத்தில் ஒரு கிறிஸ்துமஸ் போயிருக்கிறது.

மற்றக் கட்டில்களிலும் அதையேதான் சொன்னார்கள். தோவாளைக்காரி சொன்னாள், தக்கலைப் பக்கத்துப் பெண் சொன்னாள், ஆண்கள் வார்டில் ஒரு கொத்தனார் சொன்னார். மறந்து போனவர்கள் இல்லை. சோம்பலில் விட்டவர்கள் இல்லை. அந்த விலை உயர்ந்த மருந்துக்கு மரியாதை செய்வதாக நினைத்து, நாக்கைக் கட்டி, நாளைக் கணக்குப் பண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். மருந்து ஓடிய மண்டலத்தில் அடங்குகிற கிருமியெல்லாம் செத்து, அடங்காத சிலது மட்டும் மிஞ்சும். மறுபத்தியத்தின்போது அவற்றைத் தடுக்க உடம்பில் ஒன்றுமில்லை. அவை பெருகும். அடுத்த மண்டலத்தில் ஊசி போடும்போது அது யாரைக் கொல்லும்?

அன்று சாயங்காலம் டாக்டர் ஆய்வுக்கூடத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். "யாரயாவது நாலு திட்டு திட்டலாம்னு இருந்தேன். திட்டுறதுக்கு ஆளில்ல பிள்ளே" என்றார்.

எனக்குத் திட்டுவதற்கு ஆள் இருந்தது. அத்தானின் அப்பா. அந்தப் பக்கத்தில் பேர்பெற்ற வைத்தியர், எல்லாரும் ஆசான் என்பார்கள், நாங்கள் மாமா என்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குடையும் கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது நான் வாசலிலேயே மறித்தேன். வயதுக்கு மரியாதை எல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

"யாரு மாமா உங்கள ஊசிய நிறுத்தச் சொன்னது? அது என்ன உங்க கஷாயமா?"

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஊசி போட்டதுல அவளுக்குத் தல கிறுங்குச்சு மக்களே. காதுக்குள்ள வண்டு இரையுதுன்னா. செவரப் பிடிச்சிட்டு நடந்தா. ஒடம்புல மருந்து நெறஞ்சு வழியுதுன்னுதானே அதுக்கு அர்த்தம்? அதுக்கு மேலயும் போட்டா அது வெசமாயிராதா? நிறுத்தாம நான் என்ன செய்ய?"

அந்த மருந்து காதைத் தாக்கும், தலைசுற்றல் தரும் என்று நாங்கள் படித்த புத்தகத்திலும் இருந்தது. அவர் கண்ணால் கண்டது பொய்யில்லை. கண்டதற்குத் தனக்குத் தெரிந்த விதியைப் போட்டிருக்கிறார். அந்த விதிதான் இந்தக் கிருமிக்குத் தெரியாது.

டாக்டர் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். சீசாக்களைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். கடைசியில், "ஒங்கள மட்டும் குத்தம் சொல்லல்ல ஆசானே. இந்த மருந்த ஒத்தையாக் குடுக்கக் கூடாது. கூட இன்னொரு மருந்து சேக்கணும், ஒண்ணுக்குத் தப்புனத மத்தது கொல்லணும். அது தெரியாம எங்க ஆளுகளும் எத்தன பேருக்கு ஒத்தையாப் போட்டிருக்கோம்" என்றார். மாமா சீசாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அக்காவின் வார்டுப் பக்கம் போகாமல், குடையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிற்பாடு தன்னிடம் வருகிறவர்களிடமெல்லாம் ஊசி மருந்துக்கு மறுபத்தியம் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் முழுதாகப் போகவில்லை. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் இருக்கிறது.

அந்த வாரம் தடவி வைத்த அக்காவின் சீசாக்கள் ஒன்றரை மாதம் கழித்து வெளியே வந்தன. மருந்தில்லாத சீசாவிலும், மருந்து கலந்த சீசாவிலும், மருந்தை அதிகமாகக் கலந்த சீசாவிலும் ஒன்றுபோல முளைத்திருந்தது. பச்சைச் சரிவின் மேல் ரொட்டித் தூளை உதறிப் போட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஐசோனியாசிட் என்று ஒரு புதுக் குளிகை வந்தது. ஊசி இல்லை, வலி இல்லை. சின்ன வெள்ளைக் குளிகை. அதைத் தின்றவர்கள் இரண்டாவது வாரமே எழுந்து பசிக்குது பசிக்குது என்று கத்துகிறார்கள் என்று வெளியூரிலிருந்து செய்தி வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இதையும் ஒற்றையாகக் கொடுத்தால் இதற்கும் அதே கதிதான். ஸ்ட்ரெப்டோமைசினை அக்காவுக்குத் துணை மருந்தாகச் சேர்க்க வழியில்லை, அது ஏற்கெனவே தோற்றது. மிச்சம் இருந்தது பாஸ் என்று சுருக்கிச் சொல்லும் ஒரு தூள் மருந்து. அதைக் கை நிறையத் தின்ன வேண்டும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருஷக் கணக்கில்.

அக்கா தின்றாள். தின்றதும் வாந்தி எடுத்தாள். வயிற்றால் போயிற்று. கஞ்சியில் கலந்து பார்த்தோம், மோரில் கலந்து பார்த்தோம். "இதத் தின்னு பொழைக்கதுக்கு நான் கிருமிகூட சமாதானமாப் போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் தின்பாள். மறுபடியும் வாந்தி. டாக்டர் அளவைக் குறைத்தார். குறைத்தால் அது துணைக்குப் போதாது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காகப் புதுக் குளிகையை அவளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைப்பதா? நாலைந்து நாள் அவர் யோசித்தார். பிறகு குளிகையையும், வயிற்றில் தங்குகிற அளவுக்குத் தூளையும் எழுதிக் கொடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குளிகை வேலை செய்தது. காய்ச்சல் போயிற்று. கன்னத்தில் சதை தெரிந்தது. மாதாமாதம் நான் கண்ணாடிச் சில்லில் அவளுடைய சளியைச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கத் தேடுவேன். கிருமி இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும், ஒன்றுகூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, "இல்ல" என்பேன். அவள் உள்ளே இருப்பவர்களிடம், "இல்லியாம்!" என்று கத்துவாள்.

ஒருநாள் குளியலறைப் பக்கம் போனபோது அக்கா ஒரு வாளித் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பதறிப்போய், "இது என்ன வேல?" என்றேன்.

"பிள்ள இப்பம் இந்தக் கனம் இருப்பாளா? அத்தான்ட்ட கேட்டேன், வளந்துட்டான்னாவ. தூக்கும்போ கை விட்டுரப்பிடாது பாரு." வாளியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். சேலை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸிடம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. டாக்டர் அடுத்த மாதம் பிள்ளையை ஒருமுறை வரச் சொல்லலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த மாதம்தான் சில்லில் மறுபடியும் சிவப்புக் கோடு தெரிந்தது. முதலில் ஒன்று. அழுக்காயிருக்கும் என்று வேறு சில்லு செய்தேன். அதில் மூன்று. டாக்டர் பிள்ளையின் வருகையைத் தள்ளி வைத்தார். புதுக் குளிகையைக் கலந்து முட்டைச் சீசா செய்து, அக்காவின் கிருமியைத் தடவிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றரை மாதம். சரியாகச் சொன்னால் ஒரு மண்டலம். அத்தனை நாளும் அந்தச் சூட்டுப் பெட்டியின் திரியை நானே பார்த்துக்கொண்டேன். விளக்கை அணைத்துவிடலாமா என்று இரண்டொரு தடவை தோன்றியது. அணைத்தால் சீசாவில் கிருமி முளைக்காது, அக்காவின் நெஞ்சில் முளைத்தது முளைத்ததுதான்.

முளைத்திருந்தது. நான் உடைத்த முட்டையைத் தின்று, நான் காத்த சூட்டில், மருந்துக்கு நடுவே உட்கார்ந்து முளைத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வெளியே எடுத்துப் போய் அந்தச் சீசாவைப் பாறையில் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது. அது செய்யக் கூடாத காரியம். எழுதி, ஒட்டி, டாக்டர் மேஜையில் கொண்டு வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "நான் அவட்ட சொல்லுகேன்" என்றார்.

அவர் சொல்வதற்கு முன்பே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"மொளச்சிட்டா?"

"மொளச்சிட்டு."

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அரிசி என்ன விலை என்று கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"ஏட்டி, எங்கிட்டருந்து இது வேற ஒருத்தருக்குப் பத்துச்சுன்னா, அவியளுக்கு எது பத்தும்? ஆதியில எனக்கு வந்ததா, இப்பம் இருக்கதா?"

"இப்பம் இருக்கது."

"அப்பம் அவியளுக்கு ஊசியும் கேக்காது, குளிகையும் கேக்காது."

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் பொய் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் தப்பியதில்லை. "கேக்காது" என்றேன்.

"பிள்ளையக் கொண்டு வராண்டாம்னு அத்தான்ட்ட சொல்லிரு" என்றாள் அக்கா. "இனி எப்பமும்."

அதுவரை பிள்ளையைக் காட்டச் சொல்லி டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவள் அவள். இப்போது டாக்டர் அவளிடம் கெஞ்சினார். திறந்த வெளியில், தள்ளி நின்று பார்த்தால் பயமில்லை என்றார். அவள் கேட்கவில்லை. "ஒங்க மருந்துக்கே பயப்படாத கிருமி சார், தூரத்துக்கா பயப்படும்?" என்றாள். தன் தட்டை, தம்ளரை வார்டில் மற்றவர்களுடையதோடு சேர்க்க விடமாட்டாள். புதிதாக வந்த பெண்கள் கட்டிலோரம் உட்கார வந்தால், எழுந்து போ என்பாள். ஜன்னலோர வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிற்று. அந்த வார்டில் அதன் பிறகு எனக்குக் கேட்டது இருமல் மட்டும்தான்.

நோய் தொண்டைக்கு ஏறியது. குரல் காற்றாகிவிட்டது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் அக்கா போய்விட்டாள். அவளுடைய கிருமி யாருக்கும் பற்றவில்லை. அந்தப் பிள்ளைக்கு வரவே இல்லை. அவள் வளர்ந்து, படித்து, நன்றாக இருக்கிறாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒருநாள். அக்கா தானாக என்னைக் கூப்பிட்டு, "ஒருக்கா பாத்துக்கிடுகேன்" என்றாள். ஆனால் எங்கே, எப்படி என்பதை எல்லாம் அவளே தீர்மானித்தாள். கட்டடத்துக்குள் கூடாது. மரத்தடியில் கூடாது. பின்பக்கத்து வெட்டவெளியில், மத்தியான வெயிலில். ஆடியில் அங்கே கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும்.

அத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் சட்டை, இரட்டைப் பின்னல். நாங்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்து வெளியில் வைத்தோம். அவள் என்னிடம் கையைக் காட்டினாள், குனிந்து காதைக் கொடுத்தேன்.

"காத்து எங்கோட்டு அடிக்குன்னு பாரு."

கையளவு மண்ணை எடுத்து மேலே விட்டேன். மேற்கிலிருந்து கிழக்கே பறந்தது.

"என்னக் கெழக்க வையி. அவ மேக்க நிக்கட்டும். எம் மூச்சு அங்கோட்டுப் போவப்பிடாது."

அப்படியே செய்தோம். அவளை நன்றாகக் கிழக்கே தள்ளி வைத்தோம். பிள்ளை அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே நின்றாள். இடையில் ஒரு சின்ன வயல் அளவு வெறும் தரை. நான் நடுவில் நின்றேன்.

அத்தான் குனிந்து பிள்ளையிடம் ஏதோ சொன்னார். பிறகு கத்த ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்களாம். எஸ்டேட் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாளாம். வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறதாம், ஒன்று கறுப்பாம். ஒவ்வொரு சொல்லையும் காற்று அக்காவிடம் அப்படியே கொண்டுவந்து கொடுத்தது. அக்கா சிரித்தாள். பதில் சொன்னாள். அந்தக் குரல் காற்றை எதிர்த்துப் போகக்கூடிய குரல் இல்லை. உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் வந்தால்தான் சொல் கேட்டது. பிள்ளைக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

அதனால் நான் நடந்தேன். அக்கா பக்கம் போய்க் கேட்டுவிட்டு, பிள்ளை பக்கம் வந்து சொன்னேன். "கறுப்புக் குட்டிக்கு என்ன பேரு வச்சேன்னு அம்ம கேக்கா." மறுபடி அங்கே போய், மறுபடி இங்கே வந்து, "முடிய நல்லா வளத்திருக்கியேன்னு சொல்லுகா." பிள்ளை எனக்குப் பதில் சொல்லவில்லை. என்னைத் தாண்டி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை நான் வந்து வாயைத் திறப்பதற்குள் காலைத் தரையில் உதைத்தாள்.

"நீங்க சொல்லாண்டாம் சித்தி!" என்று முழுக் குரலில் கத்தினாள். "அம்ம சொல்லட்டும்!"

காற்று அப்போதும் மேற்கிலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அது நன்றாகக் கேட்டது.